பெற்றோரே முதலாசிரியர்



தாய் தந்தையரைப் பகவன் புத்தர் பல பெயர்களால் போற்றியுள்ளார். அவற்றுள் ஒன்று ‘பூர்வாசாரியர்’ என்பது. அங்குத்தர நிகாயத்திலே இப்பெயரைக் காணலாம். பூர்வாசாரியர் என்பதற்கு முதலாசிரியர் என்பது பொருள். ஏடு தூக்கிப் பள்ளிக்குச் செல்லும் முன்னரே குழந்தைக்கு நடக்கவும், உண்ணவும், பேசவும், பிறர் துயர் கண்டு இரங்கவும் கற்பிப்போர் பெற்றோர் ஆதலின் அவர்க்கு இப்பெயர் பொருந்திற்று. இதனைப் பெறுவதற்கு எழுத்தறிவோ, பட்டமோ, பெருஞ்செல்வமோ தகுதியாக விதிக்கப்படவில்லை என்பதை நாம் உற்று நோக்க வேண்டும். கைந்நாட்டு வைக்கும் தாயும் பூர்வாசாரியரே. ஆலையில் இரவு முறை பார்த்துத் திரும்பும் தந்தையும் பூர்வாசாரியரே.

இதனை இன்று எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பெங்களூரு மாநகரிலே ஸ்ரீராமபுரம், ஒகளிபுரம், காட்டன்பேட்டை, அல்சூர், மர்பி டவுன் முதலிய பகுதிகளில் வாழும் நம் மக்களுள் பலருக்கு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமே வீடு. அவ்வோர் அறையிலே பத்தாம் வகுப்பு மகள், ஆறாம் வகுப்பு மகன், இரண்டாம் வகுப்புச் சிறுமி, தவழும் குழந்தை என நால்வர் இருப்பர். தாய் கார்மெண்ட்ஸ் வேலைக்குச் சென்று அந்தி சாய்ந்து திரும்புவாள். தந்தை ஆட்டோ ஓட்டுபவராகவோ, மாநகரைத் துப்புரவு செய்பவராகவோ இருப்பார். பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் இத்தாய்மார் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “ஐயா, நாலும் நாலு வயசு. ஒன்றுக்குச் சொல்லிக் கொடுத்தால் மற்றொன்று அழுகிறது. எனக்கோ எழுத்துத் தெரியாது. இதுகளை நான் எப்படி வீட்டில் படிக்க வைப்பேன்?”

இக்கேள்வி புதிதன்று. ஆயினும் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இது ஒவ்வொரு வீட்டையும் கதவு தட்டிக் கேட்டது. கர்நாடகத்திலே ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகள் 2021 அக்டோபர் 25ஆம் நாளன்றே மீண்டும் திறக்கப்பெற்றன. ஏறத்தாழப் பத்தொன்பது திங்கள் சிறு குழந்தைகள் வீட்டிலேயே இருந்தனர். வசதியுள்ளோர் இல்லங்களில் ஒரு குழந்தைக்கு ஒரு கருவி இருந்தது. நம் இல்லங்களில் நான்கு குழந்தைகளுக்கு ஒரு கைப்பேசி இருந்தது. அதுவும் தந்தை வேலைக்குச் செல்லும்போது அவரோடு சென்றுவிடும். 2020 ஆகஸ்டில் கர்நாடக அரசு ‘வித்யாகம’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆசிரியர்கள் குழந்தைகள் வாழும் இடத்திற்கே வந்து, மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் அவர்களை அமர்த்திக் கற்பித்தனர். அக்டோபரில் அது நிறுத்தப்பட்டு, 2021 சனவரியில் மீண்டும் நடைபெற்றது. தமிழ்நாட்டிலே 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. இவையெல்லாம் நற்பணிகளே. எனினும் ஆசிரியர் வந்து சென்றபின் மீந்த பொழுது முழுவதும் குழந்தை யார் கையில் இருந்தது? பூர்வாசாரியர் கையிலன்றோ?

இங்கே மற்றொரு கேள்வியையும் தெளிவாக்கிக்கொள்வோம். இந்நகரிலே கல்வியும் வசதியும் வாய்ந்த சில குடும்பத்தார், தம் குழந்தைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்து வருகின்றனர். பின்னர்த் தேசிய திறந்தநிலைப் பள்ளி வாயிலாகத் தேர்வு எழுதச் செய்கின்றனர். இந்நிறுவனம் 1989ஆம் ஆண்டு தோன்றியது. “நாமும் அவ்வாறே செய்யலாமா?” என்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். நோயுற்ற குழந்தைக்கும், பிழைப்புக்காக ஊர் ஊராய் அலையும் குடும்பத்தின் குழந்தைக்கும், இடையிலே படிப்பு அறுந்த பிள்ளைக்கும் அவ்வழி நல்வழி. அதனை அறிந்து பயன்படுத்துக. ஆனால் பள்ளியை வெறுத்து விலகுதல் நமக்கு ஆகாது. ஏன் என்பதை நம் வரலாறு சொல்லும்.

நம் முன்னோர்க்குப் பள்ளியின் கதவு தானாகத் திறக்கவில்லை. 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையிலே ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளியை நிறுவினார். 1898ஆம் ஆண்டில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த க. அயோத்திதாச பண்டிதர், கல்வியை நம் மக்களின் முதல் தேவையாக வைத்து 1907 முதல் தம் ‘தமிழன்’ இதழிலே ஓயாது எழுதினார். இத்தனை பேர் தட்டித் திறந்த கதவை நாமே சாத்திவிடலாகாது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைக்குக் கட்டணமில்லாக் கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவ்வுரிமையை முழுவதும் பெறுக. ஆயினும் பள்ளி ஒருநாளில் ஆறு மணி நேரமே. எஞ்சிய பதினெட்டு மணி நேரமும் வீடே பள்ளி.

இவ்வீட்டுப் பள்ளியின் வலிமையை எளிதாக எண்ணற்க. அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஓர் ஆங்கிலத் துரையின் இல்லத்திலே சமையற்பணி செய்தவர். அவர் தம் வீட்டிலே காத்துவைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடி துரையின் வாயிலாக எல்லிஸ் துரையைச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியுள்ளார். அடுப்படியில் உழைத்தவர் வீட்டிலே ஏடு இருந்தது; அந்த வீட்டிலிருந்தே ஒரு பண்டிதர் எழுந்தார். புனே நகரிலே சோதிராவ் பூலே தம் மனைவி சாவித்திரிக்கு வீட்டிலே எழுத்துக் கற்பித்தார். 1848ஆம் ஆண்டு அவ்வம்மையாரே பெண்குழந்தைகளுக்கு ஆசிரியரானார். பாபாசாகிப் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த சுபேதார். பம்பாயிலே பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த கட்டடத்தில், ஒரே அறையில் அவர் குடும்பம் வாழ்ந்தது. பகலில் அவ்வறையில் படிக்க அமைதி ஏது? ஆதலின் மகனை முன்னிரவிலே உறங்கவைத்துத் தாம் விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்தார் அத்தந்தை. 1907ஆம் ஆண்டில் அம்மகன் மெட்ரிகுலேஷன் தேறினார். அறை பெரிதாக வேண்டும் என்று அத்தந்தை காத்திருக்கவில்லை. மகனுக்காகத் தாம் விழித்துக் காத்திருந்தார்.

காத்திருத்தல் என்னும் இச்சொல்லையே இன்று உங்கள் உள்ளத்தில் ஊன்ற விரும்புகின்றேன். பல வயதுக் குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துக் கற்பிப்பார்க்கு வேண்டிய முதற் பண்பு அதுவே. பகவர் அதனை எவ்வாறு கடைப்பிடித்தார் என்பதைக் காண்போம்.

பகவரின் மைந்தன் இராகுலன் ஏழு வயதிலே சங்கத்தில் சேர்ந்தான். மஜ்ஜிம நிகாயத்திலே இராகுலனுக்கு அருளிய போதனைகள் மூன்று உள. உரையாசிரியர் கூற்றின்படி அவை மூன்றும் மூன்று வயதில் கூறப்பட்டவை. ஏழு வயதுச் சிறுவனுக்கு அம்பலட்டிகை என்னுமிடத்தில் பகவர் என்ன கற்பித்தார்? கால் கழுவிய பாத்திரத்தில் எஞ்சிய சிறிதளவு நீரைக் காட்டினார். பின் அந்நீரைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார். அறிந்தே பொய் சொல்வானுடைய துறவு இத்தகையது என்றார். முகம் பார்க்கக் கண்ணாடி இருப்பதுபோலச் செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளல் வேண்டும் என்றார். பாத்திரமும் நீரும் கண்ணாடியுமே அன்றைய பாடநூல். பதினெட்டு வயதிலே அதே இராகுலனுக்கு மண்ணையும் நீரையும் நெருப்பையும் காற்றையும்போல உள்ளத்தைப் பழக்கும் தியானத்தையும், மூச்சை நோக்கும் பயிற்சியையும் கூறினார். அவன் அறிவு முதிர்ந்தபின்னரே கண் முதலிய பொறிகள் நிலையற்றவை என்னும் ஆழ்ந்த போதனையை அளித்தார். உலகுக்கெல்லாம் ஆசிரியராகிய அவர் தம் மகனுக்கு ஏழு வயதிலேயே எல்லாவற்றையும் திணிக்க அவசரப்படவில்லை. அவன் வளரும் வரை காத்திருந்தார்.

நூற்பாலையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். இருபதாம் நம்பர் நூலும் அறுபதாம் நம்பர் நூலும் பஞ்சிலிருந்தே வருகின்றன. ஆயினும் இரண்டையும் ஒரே இழுப்பில், ஒரே முறுக்கில் நூற்க முடியுமோ? அறுபதாம் நம்பருக்குரிய இழுப்பை இருபதுக்கு வைத்தால் நூல் கெடும். அதற்காகப் பஞ்சை நோவார் உண்டோ? ஏழு வயதும் பதினைந்து வயதும் ஓரறையில் இருந்தாலும் ஒவ்வொன்றின் அளவு வேறு.

வயது வேறுபாட்டைப் பலர் ஒருவாறு உணர்வர். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு அறிவின் வேகம் வேறுபடுவதைத்தான் பொறுக்கமாட்டார். “உன் அண்ணன் இந்த வயதில் வாய்ப்பாடு முழுவதும் சொன்னான், நீ மண்ணாங்கட்டி” என்பர். இதற்கு மருந்து சூளபந்தகர் வரலாறு. மகாபந்தகர், சூளபந்தகர் இருவரும் உடன்பிறந்தார்; இருவரும் சங்கத்திலே சேர்ந்தனர். மூத்தவர் விரைவிலே அருகத நிலை எய்தினார். அவர் தம்பிக்கு ஒரு பாட்டைக் கற்பித்தார். நான்கு திங்கள் முயன்றும் தம்பிக்கு அது மனத்தில் நிற்கவில்லை. “நீ இதற்குத் தகுதியற்றவன், போய்விடு” என்றார் தமையனார். தம்பி கண்ணீரோடு வாயிலைக் கடக்கும் வேளையிலே, பகவர் முன்னரே சென்று அவ்வாயிலில் நின்றார். வெண்மையான துணித்துண்டொன்றை அவர் கையில் கொடுத்து, அழுக்கு நீங்குக என்னும் கருத்துடைய சிறு சொல்லைச் சொல்லிக்கொண்டே அதனைத் தேய்த்திரு என்றார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காயிற்று. தூயதும் மாறும் என்னும் உண்மை அவர் உள்ளத்தில் தோன்றிற்று, அவரும் அருகதரானார். பாட்டு நுழையாத உள்ளத்திலே துணி வழியாகத் தம்மம் நுழைந்தது.

அன்பர்களே, இவ்வரலாற்றில் கற்பித்தவர் அண்ணன், அவரும் அருகதர். நான்கு திங்கள் பொறுத்தபின் அவரே தம்பியை மடத்தினின்று போகச் சொன்னார். அங்ஙனமாயின், பதினைந்து வயது நிரம்பிய மூத்த மகளிடம் மூன்று குழந்தைகளின் படிப்பை ஒப்படைத்துவிட்டு, அவள் சினந்தால் அவளை வைகிறோமே, இது தகுமா?

மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்தல் நல்ல முறையே. அதனை மறுப்பாரில்லை. நம் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை என்பவன் இளையோர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திவந்தார். ஒரு நாட்டுப்புறப் பள்ளியிலே குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே மணலைப் பரப்பி, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளையோர்க்கு ஆசானாக்கினார். 1797ஆம் ஆண்டு இலண்டனிலே இதனை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது மேனாட்டிலே பரவிற்று. எந்தத் திண்ணையிலே நம் முன்னோர்க்குப் பெரும்பாலும் இடம் மறுக்கப்பட்டதோ, அத்திண்ணையின் முறை கடல் கடந்து ஏழைக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது! நம் கர்நாடகத்திலும் 1995ஆம் ஆண்டு மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டை வட்டத்திலே ‘நலி-கலி’ என்னும் முறை தொடங்கிற்று. ஆடிப்பாடிக் கற்றல் என்பது அதன் கருத்து. வெவ்வேறு வகுப்புச் சிறுவர் ஓரறையிலே வட்டமாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் முன்னேறுவர். ஒருவன் பத்தாம் படியிலிருப்பான், அருகிலிருப்பவன் நான்காம் படியிலிருப்பான், இருவர்க்கும் இழுக்கில்லை. பின்னர் இம்முறை மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவாக்கப்பட்டது. ஆகவே ஓரறையில் பல வயதினர் கற்றல் குறைபாடன்று என்று அறிக.

ஆலையிலே ரிங் பிரேம் பகுதியில் ஒரு தொழிலாளி நூற்றுக்கணக்கான கதிர்களைப் பார்த்துக்கொள்வார். எல்லாக் கதிர்களையும் அவர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. வரிசையின் ஊடே நடந்துகொண்டே இருப்பார். எங்கே இழை அறுந்ததோ அங்கே நின்று இணைப்பார். மற்றவை தாமே ஓடும். வீட்டுப் பள்ளியின் தாயும் தந்தையும் செய்யவேண்டியது இவ்வளவே. நால்வர்க்கும் ஒரே வேளையில் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவன் எழுதட்டும், ஒருத்தி வாய்விட்டு வாசிக்கட்டும், சின்னஞ்சிறியது அரிசியில் கல் பொறுக்கி எண்ணட்டும். யாருடைய இழை அறுந்து முகம் வாடுகிறதோ அவர் அருகில் போய் அமர்க.

இனி, பகவர் காத்திருந்த ஊர் ஒன்றைச் சொல்வேன். அதன் பெயர் ஆளவி. அவ்வூரிலே அவர் இருமுறை காத்திருந்ததாகத் தம்மபத உரை கூறுகிறது.

ஒருமுறை அங்கே ஏழை உழவன் ஒருவன் தம்மம் கேட்க எண்ணினான். அன்று காலை அவன் எருது ஓடிப்போயிற்று. அதனைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, உண்ணாமலே ஓடிவந்தான். பகவரோ பேசத் தொடங்காமல் இருந்தார். அவன் வந்ததும், மிஞ்சிய உணவு உளதா என்று கேட்டு, முதலில் அவனுக்கு அன்னமிடச் செய்தார். அவன் உண்டு உடல் தேறியபின்னரே தம்மம் உரைத்தார். பசியே நோய்களுள் பெரிது என்பதை அன்று உணர்த்தினார். குழந்தைக்கும் இதுவே விதி. 1920ஆம் ஆண்டிலே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு அளித்ததும், கர்நாடகத்திலே 2002ஆம் ஆண்டு முதல் ‘அட்சர தாசோகம்’ நடைபெறுவதும் இவ்வுண்மையை உணர்ந்தே. மாலையில் வயிற்றுக்குச் சிறிதேனும் இடாமல் ஏட்டைத் திறக்கச் சொல்லற்க. பொரியோ, கடலையோ, காலைச் சோற்றின் மிச்சமோ, முதலில் அது.

மற்றொருமுறை பகவர் அதே ஆளவியிலே காத்திருந்தது ஒரு நெசவாளியின் மகளுக்காக. மூன்று ஆண்டுகட்கு முன் அவள் பதினாறு வயதினளாய் இருந்தபோது, மரணத்தை மறவாதிருங்கள் என்று பகவர் அவ்வூரில் போதித்தார். கேட்ட ஊரார் தம் வேலையைப் பார்க்கச் சென்றனர்; அப்பெண் ஒருத்தியே அதனை நாளும் சிந்தித்துவந்தாள். பகவர் மீண்டும் வருகிறார் என்று அறிந்து அவள் உள்ளம் துள்ளிற்று. அந்நேரத்திலே தந்தை, “தறியிலே துணி ஒரு சாண் குறையாய் நிற்கிறது, தார் சுற்றி விரைவில் கொண்டு வா” என்று ஏவிச் சென்றார். தார் சுற்றாவிடின் தந்தை அடிப்பாரோ என்னும் அச்சம் ஒருபுறம்; தம்மம் கேட்கும் ஆவல் மறுபுறம். அவள் தாரைச் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு, தறிக்கொட்டிலுக்குச் செல்லும் வழியிலே கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். அதுவரை பகவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஊர் முழுவதும் வாய் மூடி அமர்ந்திருந்தது. செல்வர்களும் பெரியவர்களும் அமர்ந்திருந்த அவையிலே, தார்க்கூடையோடு வரவிருந்த ஒரு பெண்ணுக்காகப் பகவர் காத்திருந்தார். வந்ததும் அவளை அழைத்து நான்கு கேள்விகள் கேட்டார். அவள் விடையை மெச்சினார். அன்றே அவள் தம்மப் பாதையின் முதற்படியை எய்தினாள்.

இவ்வரலாற்றின் முடிவு துயரமானது. அவள் தறிக்கொட்டிலை அடைந்தபோது தந்தை அமர்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். கூடை தட்டிய ஓசையில் திடுக்கிட்டு விழித்துத் தறியை அசைத்தார். அது மகளின் மார்பில் தாக்கிற்று. அவள் உயிர் நீத்தாள். அத்தந்தை கதறிக்கொண்டு பகவரிடம் ஓடினார். ஆறுதல் பெற்றுத் துறவு பூண்டார். உழைத்துக் களைத்த தந்தை அவர், கொடியவர் அல்லர். ஆயினும் தம் மகள் மூன்றாண்டுகளாக எதனைக் கற்றுவந்தாள் என்பதை அவர் அறியவே இல்லை. தார் சுற்றும் கையை மட்டுமே அவர் கண்டார்.

உபாசகர்களே, இன்றும் நம் வீடுகளிலே தார்க்கூடையோடு நிற்கும் மகள் இருக்கின்றாள். அவள்தான் மூத்தவள். காலையில் தண்ணீர் பிடிப்பவள், தம்பிக்குச் சட்டை மாட்டுபவள், தங்கைக்குத் தலை வாருபவள், மாலையில் உலை வைப்பவள், இரவில் மூவர்க்கும் பாடம் சொல்பவள் எல்லாம் அவளே. தன் ஏட்டை அவள் திறக்கும்போது விளக்கு அணைக்கப்படுகிறது. பள்ளிகள் மூடிய நாள்களிலே பல வீடுகளில் இவளே ஆசிரியை, இவளே சமையற்காரி, இவளே செவிலி. பள்ளி திறந்தபோது தம்பியும் தங்கையும் சென்றனர். வீட்டுக்கு இவள் வேண்டும் என்று சொல்லி இவளை நிறுத்திய இல்லங்களும் உண்டு. இவளுக்காகக் காத்திருப்பவர் யார்?

நாம் நாளும் ஏற்கும் பஞ்சசீலத்தை இவ்விடத்திலே பொருத்திப் பார்ப்போம்.

முதற் சீலம் கொல்லாமை. அதன் உயிர் இன்னா செய்யாமை. படிக்கவில்லை என்று குழந்தையைப் பிரம்பால் அடிப்பதும், கன்னத்தில் அறைவதும் இச்சீலத்தைப் புண்படுத்துவன. அடிபட்ட குழந்தை பாடத்தை மறந்து அடியை மட்டுமே நினைவில் வைக்கும்.

இரண்டாவது சீலம் கொடாததை எடாமை. பொருளைத் திருடுவது மட்டுமே திருட்டு என்று நினைக்கிறோம். மூத்த மகளின் மாலைப்பொழுது அவளுடைய உடைமை. அவள் மனமுவந்து அதனைத் தம்பிக்குத் தந்தால் அது தானம். நாம் கேளாமலே நாள்தோறும் எடுத்துக்கொண்டால் அது கொடாததை எடுத்தலே என்பது என் துணிபு. தானம் அவளுக்குப் புண்ணியமாகும். பறித்தல் நமக்குப் பாவமாகும்.

மூன்றாவது சீலமாகிய ஒழுக்கம் பெற்றோர் ஒருவர்க்கொருவர் உண்மையாய் வாழ்ந்து காட்டுவதால் கற்பிக்கப்படும்; அதற்குத் தனிப் பாடம் வேண்டா.

நான்காவது சீலம் பொய்யாமை. “முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவேன்” என்று சொல்லி ஏமாற்றுதலும், தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுதலும் பொய்யே. “எனக்கு இது தெரியாது, மகனே, நாளை உன் ஆசிரியரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்” என்று கூறும் தந்தைக்கு இழிவில்லை. அன்று மகன் இருமடங்கு கவனத்தோடு பள்ளிக்குச் செல்வான்.

ஐந்தாவது சீலம் கள்ளுண்ணாமை. பிள்ளைகள் படிக்கும் மாலை வேளையிலேதான் மதுக்கடையும் அழைக்கிறது. குடித்துவிட்டு வரும் தந்தை ஓரறை வீட்டுக்குள் நுழைந்ததும் நான்கு ஏடுகளும் ஒரே கணத்தில் மூடப்படும். இதற்குமேல் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இச்சீலங்களை அன்றாட வாழ்விலே நடத்துவதற்கு எளிய முறை ஒன்றைச் சொல்கின்றேன். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுப் பள்ளி. அந்நேரத்தில் தொலைக்காட்சி இல்லை; கைப்பேசி பாடத்திற்கன்றி வேறெதற்கும் இல்லை. முதலிலே எல்லோரும் ஒருங்கே அமர்ந்து மும்மணிகளைச் சரணடைக. ஐந்து நிமிடம் மூச்சை நோக்கி அமைதியாய் இருக்க. தவழும் குழந்தை மடியிலே இருக்கட்டும். அடுத்த அரைமணி இளையோர்க்கு. அதிலே மூத்தவள் ஒரு கால்மணி மட்டும் துணை நிற்கலாம். அதன்பின் அவள் எழுந்து தன் ஏட்டுக்குச் செல்வாள். அவளை எவரும் அழைத்தலாகாது. பாத்திரம் துலக்குதலையும் வீடு பெருக்குதலையும் ஆண்பிள்ளைகளும் முறை வைத்துச் செய்க. சங்கத்திலே பிக்குகளும் சாமணேரரும் பாத்திரம் கழுவுகின்றனர். நம் மகன் கை மட்டும் உயர்ந்ததோ?

எழுத்தறியாத தாய் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். குழந்தை வாசிப்பதை அவள் கேட்கட்டும். கேட்பவர் இருந்தால் வாசிப்பவர் நிறுத்தமாட்டார். நம் பிள்ளைகள் வீட்டிலே தமிழும், தெருவிலே கன்னடமும், பள்ளியிலே கன்னடமும் ஆங்கிலமும் பேசுகின்றனர். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மாநிலப் பள்ளிகளிலே கன்னடம் கட்டாயப் பாடமாயிற்று. நம்மைத் தாங்கும் மண்ணின் மொழி ஆதலின் அதனை மகிழ்வோடு கற்க வேண்டும். தாய் தமிழ்க் கதையையும் பழமொழியையும் வாய்மொழியாகக் கொடுக்கட்டும். மகன் கன்னட எழுத்தைத் தாய்க்குக் கற்பிக்கட்டும். பேருந்தின் பலகையை அவள் தானே படித்து ஏறும் நாளில், அவ்வீட்டிலே ஆசிரியர் யார், மாணவர் யார் என்று பிரித்தறிய இயலாது.

சிகாலோவாத சூத்திரத்திலே பகவர் பெற்றோர் கடன் ஐந்து கூறினார். தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிலைநிறுத்தல், தொழில் கற்பித்தல், தக்க துணையோடு மணம் முடித்தல், உரிய காலத்தில் சொத்தை ஒப்படைத்தல் என்பன அவை. நம்மிடம் ஒப்படைக்க நிலமில்லை, மாடமில்லை. கல்வியொன்றே நம் சொத்து. சொத்தைப் பங்கிடும்போது மூத்தவளை விட்டுவிட்டு இளையோர்க்கு மட்டும் எழுதி வைக்கும் தந்தையை ஊரார் பழிப்பரன்றோ? கல்விச் சொத்தையும் நால்வர்க்கும் நேராகப் பங்கிடுக.

பகவர் ஓர் ஊரையே வாய் மூடி அமரச்செய்து, வேலைக்காரக் குடும்பத்துப் பெண்ணொருத்திக்காகக் காத்திருந்தார். நம் சமையற்கட்டின் இருளிலே நிற்கும் மகளுக்காக நாம் ஒரு மாலை காத்திருக்கக் கூடாதா? இன்றிரவு வீடு சென்றதும் அவள் கையிலுள்ள கூடையை வாங்கிக் கீழே வையுங்கள். அவளை விளக்கின் அருகே அமரச் சொல்லுங்கள்.

மும்மணிகளின் நிழலிலே உங்கள் இல்லங்கள் தழைக்க! குழந்தைகள் அனைவரும் கல்வியும் சீலமும் பெற்று ஓங்குக!